கேட்டா லகூன் ஒருநாள் டூர்: காசு கொடுத்து வலை இழுத்துட்டு வந்த கதை

கானாவுல டெமாவுக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, லீவு கிடைச்சா நம்ம ஆளுங்க எல்லாரும் போற கேப் கோஸ்ட் கோட்டை, காகும் தொங்குபாலம், அக்கோசோம்போ டேம் எல்லாம் ரெண்டு ரெண்டு தடவ பாத்தாச்சு, இதுக்கு மேல போனா அந்த கார்டுகளே பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. அதான் ஆகஸ்ட் கடைசில ஒரு சனி ஞாயிறு நானும் ரூம்மேட்டும் கிழக்கால வோல்டா ரீஜன் பக்கம் கேட்டாங்கற ஊருக்குப் போயிட்டு வந்தோம். ஆங்லோ எவேங்கற இனத்து மக்களோட ஊர். ஒரு பக்கம் அட்லாண்டிக், இன்னொரு பக்கம் கானாவுலயே பெரிய லகூன், அதாவது காயல், நடுவுல ஒரு மணல் துண்டு, அதுல ரோடு, ஸ்கூல், சர்ச், வெங்காயத் தோட்டம், கல்லறை எல்லாத்தையும் நெருக்கி வெச்சிருக்காங்க.

அங்க உள்ளூர்க்காரர் ஒருத்தர் தனியா ஒருநாள் டூர் நடத்துறாரு. முன்னாடி வாத்தியாரா இருந்தவர், முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நெட்ல பேர் போட வேணாம்னு அவரே சொல்லிட்டாரு, அதனால போடல, அங்க மரியாதையா அண்ணன்னு கூப்பிடறதுக்கு எஃபோன்னு சொல்வாங்க, நானும் எஃபோன்னே எழுதுறேன். ஆளுக்கு 400 சேடி, கானா பணம். அதுலயே விடிகாலைல கரைவலை இழுக்கறது, கோட்டை, லகூன்ல தோணி, வெங்காயப் பாத்தி, மதியச் சாப்பாடு எல்லாம் சேந்து வருது. அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். அரை மார்க் ஏன் போச்சுன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல தங்கின எடம், ஏன்னா அங்கதான் கடுப்பு. ஆன்லைன்ல புக் பண்ணோம், பேர் வேணாம் விடுங்க, சீ வியூன்னு போட்டிருந்தான், ஜன்னலத் தொறந்தா தண்ணி டேங்க் வியூ. குழாய்த் தண்ணி உப்பு, சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது, ஏசி ஓடணும்னா ஜெனரேட்டருக்குத் தனியா காசுன்னு ராத்திரி பத்து மணிக்கு வந்து சொல்றான். அத புக் பண்ணும்போது சொல்லியிருக்கலாம்ல. எஃபோகிட்ட மொதல்லயே கேட்டிருந்தா அவருக்குத் தெரிஞ்ச வீட்டுல ரூம் போட்டுத் தந்திருப்பாராம், பாதி விலைல. நீங்க போனா அப்படிப் பண்ணுங்க.

போற வழிய சொல்லாம விட முடியாது. டெமாவுல இருந்து அஃப்லாவ் ரோட்டுல ட்ரோட்ரோ, நம்மூர் ஷேர் வேன் மாதிரி, மூணு மணி நேரத்துக்கு மேல, சோகாகோப்பேல வோல்டா ஆத்துப் பாலம் வரும்போது வண்டி ஸ்லோ ஆகும், ஆன உடனே பத்துப் பதினஞ்சு பொம்பளைங்க தலைல கூடையோட ஓடி வருவாங்க. அபோலோன்னு ஒண்ணு விக்கிறாங்க, மக்காச்சோள மாவ புளிக்க வெச்சு இலைல சுத்தி அவிச்சது, லேசா இனிப்பு, கண்ண மூடிக்கிட்டு சாப்டா இட்லிக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி. அதோட பொடிப்பொடியா பொரிச்ச மீன் ஒரு பொட்டலம். சாயங்கால டிபன் முடிஞ்சுது.

இப்ப விஷயத்துக்கு வரேன். சனிக்கிழமை சாயங்காலமே போய்ச் சேந்துட்டோம், ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு எஃபோ ஸ்கூட்டர்ல வந்து நிக்கிறாரு, வோயே பக்கம் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறாரு. ஊருக்குள்ள நுழைஞ்ச உடனே சின்னப் பசங்க கூட்டமா ஓடி வந்து "யெவு! யெவு!"ன்னு கத்துதுங்க. யெவுன்னா என்னன்னு கேட்டேன், வெள்ளக்காரன்னு சொன்னாரு. நான் என் கையப் பாத்தேன், ரூம்மேட் அவன் கையப் பாத்தான், அவன் என்ன விட ரெண்டு ஷேட் அதிகம். வெளிநாட்டுல இருந்து வந்த எவனா இருந்தாலும் யெவுதான், கலரெல்லாம் கணக்கு இல்லன்னு எஃபோ சமாதானம் சொன்னாரு. அங்க கரைல ஆளுங்க இழுத்துக்கிட்டு இருந்த வலைய காட்டி, இதுக்கும் அதே பேர்தான்னாரு. யெவுடோ. டோன்னா வலை. வெள்ளக்காரன் வலை.

இந்த ஒரு வார்த்தைல இருந்துதான் அவரு முழு வரலாறையும் அவுத்து விட்டாரு, அதுதான் இந்த டூரோட பெரிய ப்ளஸ். நாம என்ன நெனப்போம், கடலோரத்துல இருக்கறவங்க காலங்காலமா கடல்லதான் மீன் புடிச்சிருப்பாங்கன்னு. இல்லையாம். ஆங்லோக்காரங்க ரொம்ப காலம் லகூனப் பாத்து பொழச்சவங்க, கடலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு. இங்க அலை சும்மா கரைலயே மடங்கி உடையுது, சின்னத் தோணிய எல்லாம் கவுத்துடும், அலையத் தாண்டுற மாதிரி பெரிய தோணி குடையணும்னா பெரிய மரம் வேணும், இந்த மணல்ல எங்க இருக்கு மரம், மேற்கே காட்டுல இருந்து வாவா மரத்துல குடைஞ்ச தோணியக் காசு குடுத்துதான் வாங்கணும். "எங்க முப்பாட்டனுங்க கடலக் கண்டு பயந்தவங்க"ன்னு எஃபோ சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. 19ஆம் நூற்றாண்டு நடுவுலதான் இந்தப் பெரிய இழுவலை ஐரோப்பாக்காரங்க மூலமா இந்தக் கரைக்கு வருது, வந்தப்புறம் அதப் புடிச்சுக்கிட்டாங்க பாருங்க, விடவே இல்ல. ஒரு வலைக்கு முப்பது நாப்பது பேர், கம்பெனின்னே பேரு, சமையலுக்கும் மீன் புகைபோடவும் பொம்பளைங்களோட சேத்து மொத்தக் குடும்பமா கெளம்பி நைஜீரியா, ஐவரி கோஸ்ட், சியரா லியோன், காங்கோ வரைக்கும் கரை கரையா போய் சீசன் முழுக்க இழுத்துட்டு வருவாங்களாம். கடலுக்கு பயந்தவன் பேரன் ஆப்பிரிக்காவோட பாதி மேற்குக் கரைய வலைல அளந்துட்டான்.

ரூம்மேட்டப் பத்தி சொல்லணும். அவன் ராமநாதபுரம் பக்கம் கடக்கரை ஊரு, அப்பா இன்னும் கரைவலைக்குப் போறவரு, இவன் டிப்ளமோ படிச்சுட்டு இங்க வந்து மெயின்டனன்ஸ்ல இருக்கான். பஸ்ல வரும்போது பூரா தூங்கிட்டு வந்தவன், அந்த வலையப் பாத்ததும் செருப்பக் கழட்டி என் கைல குடுத்துட்டான். "மாப்ள, இது நம்ம கரைவலைடா." ஆமா, அதேதான். தோணில வலைய ஏத்திக்கிட்டுப் போய் அரைவட்டமா கடல்ல போட்டுட்டு வராங்க, ரெண்டு முனைலயும் நீளக் கயிறு, கரைல ரெண்டு கோஷ்டி முன்னூறு மீட்டர் தள்ளித் தள்ளி நின்னு இழுக்குது, இழுக்க இழுக்க ரெண்டும் கிட்ட கிட்ட வருது. கடைசி ஆள் கயித்தச் சுருட்டுறான். இழுத்துக்கிட்டே பின்னாடி போனவன் அங்க கயித்த விட்டுட்டு ஓடி வந்து திரும்ப தண்ணி ஓரத்துல மொத ஆளா புடிக்கிறான், அதனால பாக்கறதுக்கு ஒரு பெல்ட் சுத்தற மாதிரியே இருக்கு. ஒருத்தர் ரெண்டு வாய் வெச்ச இரும்பு மணியக் குச்சியால தட்டிக்கிட்டு பாடுறாரு, காங்கோகுயின்னு பேரு அதுக்கு, அவரு ஒரு அடி பாட மத்தவங்க பதில் பாடி அந்தப் பதில்லதான் இழுக்கறாங்க. நம்மூர்ல அம்பா பாட்டுன்னு சொல்றது இதேதான்னு இவன் சொன்னான், சொல்லிட்டு உள்ள போய் கயித்தப் புடிச்சுட்டான்.

நானும் புடிச்சேன். பத்து நிமிஷம். உள்ளங்கை ரெண்டும் செவந்து போச்சு, ஈரக் கயிறுல மணல் ஒட்டி அது உப்புத்தாள் மாதிரி அறுக்குது, கையால இழுக்கக் கூடாதாம், உடம்பப் பின்னாடி சாய்ச்சு குதிகால மணல்ல குத்தி எடையால இழுக்கணுமாம், அதெல்லாம் எனக்கு எங்க தெரியும், நான் மதுரைக்குத் தெக்கால, வைகைல தண்ணி வந்தாலே வேடிக்க பாக்கற கூட்டம். அவன் என்னடான்னா அரைமணி நேரம் தாளம் தப்பாம இழுக்கறான், கொஞ்ச நேரத்துல பக்கத்துல இருந்த ஒரு பெரியவரு எஃபோகிட்ட ஏதோ கேட்டாரு, இந்த யெவு எங்க கத்துக்கிட்டான்னு கேக்குறாராம்.

ஒன்றரை மணி நேரம் ஆச்சு மடி, அதான் வலையோட பை மாதிரி இருக்கற நடுப்பகுதி, கரைக்கு வர. ரெண்டு பேர் தண்ணிக்குள்ள நீந்திக்கிட்டே மடியோட வராங்க, ஓரம் தாழாம தூக்கிப் புடிச்சுக்கிட்டு. நான் பெரிய மீன் எல்லாம் எதிர்பார்த்தேன். வந்தது என்னன்னா கால்வாசி நெத்திலி, கொஞ்சம் வாளை, நாலஞ்சு நண்டு, வழவழன்னு ஜெல்லி மீன் ஒரு குவியல், மிச்சம் பூரா தண்ணி பாக்கெட் கவர். இங்க கானாவுல குடிதண்ணி சின்ன பிளாஸ்டிக் கவர்ல விப்பாங்க, பல்லால கடிச்சுக் குடிச்சுட்டுத் தூக்கிப் போட்டா அது சாக்கடை வழியா இங்கதான் வருது. ரெண்டு பசங்க உக்காந்து கவர் தனியா மீன் தனியா பிரிக்கறாங்க, அது அவங்களுக்கு தினசரி வேலை, யாரும் அலுத்துக்கக்கூட இல்ல. அதுக்குள்ள அலுமினியப் பேசினோட பொம்பளைங்க வந்து சுத்தி நின்னாச்சு. விலை பேசறது முழுக்க அவங்கதான், சீசன் இல்லாதப்ப எரிபொருளுக்கும் வலை தைக்கவும் கடன் குடுத்ததும் அவங்கதான், அதனால மொத மீன் யாருக்குன்னு கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிவாகி இருக்கு. பங்கு கணக்கும் நம்மூர் மாதிரியேதான், செலவு போக வலைக்காரருக்கு ஒரு பெரிய பங்கு, மிச்சத்த இழுத்தவங்க பிரிச்சுக்கறது. ரூம்மேட் கைல அந்தப் பெரியவரு ஒரு நண்டும் ஒரு கை நெத்திலியும் வெச்சாரு. எனக்கு ஒண்ணும் தரல. நியாயம்தான்.

அங்கயே நின்னு அவன் அவங்க அப்பாவுக்கு வீடியோ கால் போட்டான். ஊர்ல மத்தியானம் ஆகியிருக்கும், அவரு சாப்பிட்டுக்கிட்டே பாத்தாரு. வலைய நல்லாக் காட்டச் சொன்னாரு, மடிகிட்ட போனக் கொண்டு போனான். "வலைக்கண்ணு இம்புட்டுப் பொடிசா இருக்கேடா, குஞ்செல்லாம் போகுதே, இவிங்க அடுத்த வருசம் எதைப் புடிப்பாங்க"ன்னாரு. எஃபோ என்ன சொல்றாருன்னு கேட்டாரு, நான் இங்கிலீஷ்ல சொன்னேன், அவரு தலைய ஆட்டிட்டு, பெரிய ட்ராலர்காரன் ராத்திரி எல்லைக்குள்ள வந்து அள்ளிட்டுப் போறான், அவன் விட்டது பொடிசு மட்டும்தான், கண்ணு பெருசா போட்டா வெறும் கவர்தான் வரும்னாரு. அத நான் திரும்ப தமிழ்ல சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "இங்கயும் அதான்"னு மட்டும் சொன்னாரு.

கோட்டைய சீக்கிரம் முடிச்சுடறேன், ஏன்னா அங்க பாதி கோட்டைதான் இருக்கு. பிரின்சன்ஸ்டைன், டேனிஷ்காரன் 1784ல ஆங்லோக்காரங்களோட சண்டை போட்டு ஜெயிச்சுட்டு கட்டினது. அடிமைகள அடைச்ச அறைங்க இருக்கு, உள்ள போனா பேச்சு வராது. டென்மார்க் 1792லயே அடிமை வியாபாரம் கூடாதுன்னு சட்டம் போட்டு 1803ல இருந்து அமல்னு சொன்னாலும் வோல்டா ஆத்துக்குக் கிழக்கே இந்தப் பக்கம் யாரும் கண்டுக்காததால அதுக்கப்புறமும் பல வருஷம் கள்ளத்தனமா ஆள் ஏத்தியிருக்காங்க. பக்கத்துல அடோர்க்கோர்னு ஒரு ஊர்ல இன்னும் சொல்ற கதை, கப்பல்காரன் ஊர் மேளக்காரங்கள கப்பல்ல வந்து வாசிங்கன்னு கூப்பிட்டு, அவங்க தாளத்துல இருக்கும்போதே நங்கூரத்த எடுத்துட்டானாம். காலைல மணி தட்டிக்கிட்டு இருந்தவரு ஞாபகம் வந்துச்சு எனக்கு. 1850ல டேனிஷ்காரன் கோட்டையெல்லாம் பிரிட்டிஷ்காரனுக்கு வித்துட்டுப் போயிட்டான், பின்னாடி ஜெயிலா இருந்துச்சு. 1979ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேத்தாங்க, 1980ல கடல் வந்து ஒரு பக்கத்த எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. நுழைவுக் கட்டணம் தனி, அது அந்த 400ல வராது, இதையும் மொதல்லயே சொல்லியிருக்கலாம்.

கோட்டை மதில்ல ஏறி நின்னா கேட்டா டவுன் எவ்வளவு காணாமப் போயிருக்குன்னு எஃபோ விரல் நீட்டி சொல்றாரு, அவரு நீட்டற எடமெல்லாம் தண்ணி. அங்க ஒரு தெரு, அங்க பிரெமன் மிஷன்னு ஜெர்மன் பாதிரிமாரோட எடம், அங்க ஜெர்மன் கம்பெனி குடோன். இந்த ஊர் ஒரு காலத்துல பெரிய பணக்கார ஊருங்க, ஹார்பரே கெடையாது, கப்பல் தூரத்துல நிக்கும், படகுல அலையத் தாண்டிப் போய் சரக்கு ஏத்துவாங்க, லகூன் வழியா உள்நாட்டு சரக்கெல்லாம் தோணில வந்து இறங்கும், நாலு நாளைக்கு ஒருக்கா சந்தை. 1853ல பிரெமன் மிஷன் ஜெர்மன்காரங்க இங்க வந்து இறங்கினாங்க, எவே மொழிக்கு இலக்கணம், பைபிள் எல்லாம் எழுதும்போது இந்த ஆங்லோ பேச்சத்தான் அடிப்படையா வெச்சாங்க. 1874ல பிரிட்டிஷ்காரன் ஊரைப் புடிச்சு சுங்க வரி போட ஆரம்பிச்ச உடனே வியாபாரிங்க பாத்தாங்க, கொஞ்சம் கிழக்கால போய் வரி இல்லாத கரைல கடை போட்டுட்டாங்க. அந்த எடம்தான் இன்னைக்கு டோகோ நாட்டோட தலைநகர் லோமே. வரி ஏய்ப்புல பொறந்த தலைநகரம்னு எஃபோ ஒரு ஜோக் வெச்சிருக்காரு, எல்லா டூர்லயும் சொல்வார் போல, ஆனா நல்ல ஜோக். 1962ல டெமா ஹார்பர் தொறந்ததும் இங்க இருந்த கப்பல் வியாபாரமும் போச்சு. அதாவது நாங்க வேலை பாக்கற ஊர். அந்த நேரம் நானும் ரூம்மேட்டும் கொஞ்சம் வேற பக்கம் பாத்துக்கிட்டோம்.

அப்புறம் லகூன். கெட்சி போற வழில தோணி ஏறினோம். கேட்டாவுல இருந்து கிழக்கால போற அந்த ரோடே தனிக்கதை, கடலும் லகூனும் ஒண்ணா சேந்து ரோடு அறுந்து போன எடத்துல 2000களோட ஆரம்பத்துல எட்டு கிலோமீட்டருக்கு மேல மேடு போட்டு ரோடு, கடலுக்குள்ள நீட்டி நீட்டிக் கல்லுத் தடுப்பு, லகூன்ல இருந்து மணல் எடுத்து ரொப்பின புது நெலம், அதுல வீடு போனவங்களுக்கு வீட்டுமனைன்னு எட்டு கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி கட்டியிருக்காங்க. லகூன் பேருக்குத்தான் பெருசு, ஆழம் பாத்தா பல எடத்துல இடுப்பளவு கூட இல்ல, எஃபோ துடுப்பு போடல, நீளக் கழிய ஊனி ஊனித் தள்ளறாரு. கிழிஞ்ச மாவு மூட்டைய எல்லாம் தச்சு பாய் கட்டின தோணிங்க தூரத்துல போகுது. பறவை நெறைய, 1992ல ராம்சர்ங்கற உலக ஈரநில லிஸ்ட்ல சேத்த எடம், பறவை பாக்கறவங்களுக்கு சொர்க்கம்னு சொல்வாங்க, எனக்கு கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது, அதனால அதப் பத்தி ரிவ்யூ இல்ல.

தோணிலதான் அவங்க ஊர் கதைய சொன்னாரு. டோகோவுல இருக்கற நோட்சேன்னு மதில் கட்டின ஊர்ல இருந்தவங்க, அகோகோலின்னு கொடுங்கோல் ராஜா, பொம்பளைங்க பாத்திரம் கழுவின தண்ணி, துணி தொவச்ச தண்ணி எல்லாத்தையும் தினம் மதில்ல ஒரே எடத்துல ஊத்தி ஊத்தி ஊற வெச்சு, ஒரு ராத்திரி மேளம் அடிச்சுக்கிட்டே ஓட்டை போட்டு தப்பிச்சாங்களாம், துரத்தறவன் குழம்பணும்னு பின்னாடியே நடந்து போனாங்களாம், கால்தடம் பாத்தா ஊருக்குள்ள வந்த மாதிரி இருக்கும். இத வருஷா வருஷம் நவம்பர் மொத சனிக்கிழமை ஆங்லோகாவுல ஹோக்பெட்சோட்சோன்னு திருவிழாவா கொண்டாடறாங்க. கூட்டிட்டு வந்த வென்யாங்கற பெரியவரு நடந்து நடந்து கடைசில இந்த மணல்ல வந்து, இனி முடியல, சுருண்டுட்டேன்னு சொன்னாராம், அந்த "சுருண்டுட்டேன்"ல இருந்துதான் ஆங்லோன்னு பேரே. சுருள்றதுக்கு முன்னாடி கடல் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்னு ரூம்மேட் சொன்னான். எஃபோவுக்கு மொழிபெயர்த்தேன், கழிய விட்டுட்டு சிரிச்சாரு.

இங்கதான் அந்த அரை மார்க். கடல் ஏன் ஊரத் திங்குதுன்னு கேட்டா எஃபோகிட்ட ஒரே பதில்தான், அக்கோசோம்போ. டேம் 1965ல முடிஞ்சுது, வோல்டா ஆறு கொண்டு வந்த மணலெல்லாம் டேமுக்குப் பின்னாடி நின்னுடுச்சு, கரைய ரொப்ப மணல் இல்ல, அதனால கடல் திங்குது. தப்புன்னு சொல்லல, இந்தக் கரைல மணல் மேற்குல இருந்து கிழக்கு நோக்கித்தான் ஓடும், ஆத்து வாய்ல வர்ற மணல் நின்னா கீழ இருக்கற கேட்டாவுக்குத்தான் அடி. ஆனா முழுக்கதை அது இல்லல்ல. கொஞ்ச நேரம் முன்னாடிதான் அவங்க பாட்டி சின்னப் புள்ளையா இருந்தப்பவே ரெண்டு தடவ வீட்ட உள்ள தள்ளிக் கட்டினாங்கன்னு அவரே சொன்னாரு. பாட்டி இருந்தா இப்ப நூறு வயசுங்கறாரு. "அப்ப டேமே இல்லையே எஃபோ"ன்னேன். கொஞ்ச நேரம் கழி ஊனற சத்தம் மட்டும். 1900களோட ஆரம்பத்துலயே கேட்டாவுல பெரிய அரிப்பு நடந்து ஆளுங்க எடம் மாறியிருக்காங்க, அது பதிவுல இருக்கற விஷயம், எந்நேரமும் அலை மோதற மெல்லிசு மணல் துண்டு, டேம் வந்து அத இன்னும் மோசமாக்கிச்சு. அப்படி சொல்றதுல என்ன கொறைஞ்சிடப் போகுது? டூரிஸ்டுக்கு சிம்பிளா சொல்லணும்னு நெனக்கறாரு போல. கடைசில ஒத்துக்கிட்டாரு, "கடல் எங்க பாட்டி காலத்துல நடந்து வந்துச்சு, டேமுக்கு அப்புறம் ஓடி வருது"ன்னாரு. இந்த வரியையே மொதல்ல சொல்லுங்க எஃபோ, அஞ்சுக்கு அஞ்சு குடுத்துடறேன்.

ஆனா டேம் விஷயத்துல லகூனப் பத்தி அவரு சொன்னது நான் கேள்விப்படாதது. முன்னாடி வருஷா வருஷம் மழை முடியும்போது வோல்டா பொங்கி அன்யானுய் பக்கம் ஓடை வழியா நல்ல தண்ணி லகூனுக்குள்ள வரும், அதோட மீன்குஞ்சு வரும், அப்புறம் வெயில் காலத்துல லகூன் வத்தும், வத்தின எடத்துல உப்பு படியும், மீன் போனாலும் உப்பு கிடைக்கும், அந்த உப்ப ஆத்து வழியா உள்நாட்டுக்குக் கொண்டு போய் வித்தாங்க. மீன் பஞ்சம் வந்தா உப்பு, உப்பு இல்லாத வருஷம் மீன். முறை வெச்சு வந்த அந்த வெள்ளம் டேமால நின்னு போச்சு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா 2023 செப்டம்பர்ல டேம் நிறைஞ்சு தண்ணிய தொறந்து விட்டப்ப மெப்பே பக்கம் ஊர் ஊரா மூழ்கி ஆயிரக்கணக்குல ஜனம் ஸ்கூல்ல போய் படுத்துச்சு. கடல் பக்கமும் சும்மா இல்ல, 2021 நவம்பர் 7ஆம் தேதி அலை ஊருக்குள்ள வந்து கேட்டா, ஆங்லோகா, கெட்டு சவுத்னு மூணு எடத்துலயும் சேத்து கிட்டத்தட்ட நாலாயிரம் பேர் வீட்ட விட்டு வெளிய வந்தாங்க. கல்லுத் தடுப்பு இருக்கற எடம் தப்பிச்சுது, இல்லாத எடம் மாட்டிக்கிச்சு. இதுல இன்னொண்ணு, தடுப்பு மணலப் புடிச்சு வெச்சுக்கறதால அடுத்து கிழக்கே இருக்கற ஊர்களுக்கு மணல் போகாது, அகாவெட்சி, பிளெகுசு பக்கமெல்லாம் இப்ப அரிப்பு, பிளெகுசுல தனியா ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாச்சு. அதுக்குக் கிழக்கால டோகோ பார்டர்.

மதியச் சாப்பாடு எஃபோவோட அக்கா வீட்டுல. அக்ப்லே, அது மக்காச்சோள மாவும் மரவள்ளி மாவும் சேத்துக் கிண்டின களி, நம்ம கேப்பக்களி மாதிரி உருட்டி முழுங்கணும், மெல்லக் கூடாது. தொட்டுக்க ஃபெத்ரி டெட்சி, வெண்டைக்காய் சூப்பு, நூல் நூலா வழியும், அது எனக்கு இறங்கல, உண்மைய சொல்லிடறேன். ஆனா அபோபி தாடின்னு நெத்திலிய மிளகாய், தக்காளி, வெங்காயத்தோட செஞ்சு வெச்சாங்க பாருங்க, ரெண்டு பேரும் தட்ட வழிச்சு வெச்சோம். அபோபின்னா நெத்திலி. காஞ்ச நெத்திலிக்கு கானா முழுக்க கேட்டா ஸ்கூல் பாய்ஸ்னு ஒரு செல்லப்பேர், மணல்ல வரிசையா காயப் போட்டிருக்கறதப் பாத்தா காலை ப்ரேயர்ல நிக்கற மாதிரியேதான் இருக்கு. காரம் கேட்டுப் போடறாங்க, நாங்க நம்மூர் காரம்னோம், அக்கா எங்கள ஒரு மாதிரி பாத்துட்டு அவங்க ஊர் காரமே போட்டாங்க, அதுவே தாராளம்.

கடைசியா ஆங்லோகா வெங்காயப் பாத்தி. போற வழில வோயேல 1901ல வெச்ச லைட்ஹவுஸ் ஒண்ணு இரும்புக் கம்பி எலும்புக்கூடு மாதிரி நிக்குது, சுத்தி மொட்டைத் தென்னை, 1932ல இந்த வோயேலதான் கேப் செயின்ட் பால் வாடல் நோயின்னு தென்னைய அழிக்கற வியாதி மொதல்ல தெரிஞ்சதாம், அப்ப இருந்து கொப்பரை பொழப்பும் போச்சு. அத எஃபோ சாதாரணமா சொல்லிட்டுப் போறாரு, இவங்களுக்கு ஒண்ணு போனா இன்னொண்ணு புடிச்சுப் பழக்கம். தோட்டத்துக்குள்ள போய் ஒரு கொத்து புடுங்கிக் காட்டினாரு. ரூம்மேட் கத்தினான், "டேய் சின்ன வெங்காயம்டா!" சத்தியமா. மூணு வருஷமா வடக்க பவ்குல இருந்தும் நைஜர்ல இருந்தும் வர்ற பெரிய செவப்பு வெங்காயத்த சாம்பார்ல போட்டு ஏமாந்துக்கிட்டு இருந்தோம், மூணு மணி நேரப் பயணத் தூரத்துல, உரிச்சுப் போடற சின்ன வெங்காயம் வெளைஞ்சு கிடக்குது.

அது வெளையற விதம்தான் எனக்கு டூர்லயே ரொம்பப் புடிச்சது. வெறும் கடல் மணல்ங்க, ஒரு சத்தும் கெடையாது. அத நீளநீளமா சின்னச் சின்னப் பாத்தியா கட்டி, மாட்டுச் சாணி, வௌவால் எச்சம், கோழி எரு, நெத்திலி அதிகமா வந்து விலை போகாத நாள்ல நெத்திலியவே எருவாப் போட்டு நூறு வருஷத்துக்கும் மேல அந்த மணல மண்ணாக்கி வெச்சிருக்காங்க. கடல்ல இருந்து வந்த மீன் வெங்காயமா மாறுது. ஒரு பாத்தி கூட வீணா இல்ல, நடக்கற வரப்பு ஒரு அடி அகலம், நான் கால் தவறி ஒண்ணுல மிதிச்சுட்டேன், அங்க களை எடுத்துக்கிட்டு இருந்த அம்மா எழுந்து நின்னு எவேல என்னமோ சொன்னாங்க, எஃபோ மொழிபெயர்க்க மாட்டேன்னுட்டாரு. தண்ணிக்கு ஆழம் இல்லாத கெணறு, ரெண்டு ஆள் உயரம் கூட இல்ல, அடில இருக்கற உப்புத்தண்ணி மேல மழைத்தண்ணி மெல்லிசா மிதக்குது, அத வாளியால மொண்டு ரெண்டு கைலயும் பூவாளி தூக்கி ஊத்தினாங்க முன்னாடி. இப்ப கரண்ட் மோட்டர், பிளாஸ்டிக் குழாய், ஸ்பிரிங்க்ளர் வந்தாச்சு, வேலை மிச்சம், கேரட், மிளகாய், வெண்டைன்னு எல்லாம் போடறாங்க, ஆனா மோட்டர் ஓவரா இழுத்தா அடில இருக்கற உப்பு மேல வந்துடும். ஒரு கெணத்துத் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தேன், ராத்திரி லாட்ஜ்ல குளிச்ச தண்ணி அளவு இல்ல, ஆனா இனிப்பும் இல்ல.

போறவங்களுக்கு: ஆகஸ்ட் செப்டம்பர்ல போங்க, கடல்தண்ணி குளிர்ந்து மீன் கரைக்கிட்ட வர்ற நேரம். கையுறை எடுத்துட்டுப் போங்க. வலை இழுக்கறவங்கள கேக்காம போட்டோ எடுக்காதீங்க, எங்களுக்கு முன்னாடி வந்த கோஷ்டி ட்ரோன் விட்டு ஏதோ தகராறு ஆச்சாம், எஃபோ அதுல இருந்து கண்டிஷனா இருக்காரு. வோயேசோன்னு சொன்னா வாங்கன்னு அர்த்தம், யோன்னு பதில் சொல்லுங்க, அக்பேன்னா நன்றி, இந்த மூணு போதும். கோட்டை டிக்கெட்டுக்கு சில்லறை வெச்சுக்கோங்க.

சின்ன வெங்காயம் ரெண்டு கொத்தும், காஞ்ச நெத்திலி ஒரு பையும் வாங்கிட்டு ட்ரோட்ரோ ஏறினோம். நெத்திலி வாசம் வண்டி முழுக்க, நான் பைய காலுக்கடில தள்ளி ஜன்னலத் தொறந்து வெச்சுக்கிட்டு கூச்சத்தோட உக்காந்திருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா குனிஞ்சு பையத் தொறந்து, ஒண்ண எடுத்து ஒடிச்சுப் பாத்துட்டு, எவ்வளவுன்னு கேட்டாங்க. சொன்னேன். பின் சீட்டு வரைக்கும் திரும்பி எல்லாருக்கும் எவேல சொன்னாங்க, வண்டி முழுக்க சிரிப்பு, அதுல யெவுங்கற வார்த்தை மட்டும் எனக்குப் புரிஞ்சுது.